பிடிபட்ட நகரமும் முடியாத போரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழில் வெளிவரும் கற்பனைப் போர்த் தொடர்கதையில், சென்ற வாரம் நீராவிக் கப்பல்கள் ஆற்று வழியே நுழைந்து ஒரே பகலில் துறைமுக நகரைப் பிடிக்கின்றன. அன்று மாலையே அரசன் பணிந்துவிடுகிறான். சண்டைக் காட்சிகளை விரும்பிப் படித்தேன். முடிவை மட்டும் யாங்கோனில் பிறந்து வளர்ந்த என்னால் ஏற்க இயலவில்லை.

முதல் ஆங்கிலேய-பர்மியப் போரில், 1824 மே 11 அன்று, ஆர்ச்சிபால்டு கேம்பலின் தலைமையில் 10,000-க்கும் மேற்பட்டோர் கொண்ட ஆங்கிலேயப் படை அன்று ரங்கூன் எனப்பட்ட இதே ஊரில் பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி இறங்கியது. (சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் பலர் அதில் இருந்தனர் என்பது நமக்கு உவப்பான செய்தி அன்று, மறைக்க வேண்டியதும் அன்று.) ஆனால் பர்மிய அதிகாரிகள் ஊரையே காலி செய்திருந்தனர். ஐராவதி ஆற்றில் மேலே செல்லப் படகுகளும், வண்டிக்கு மாடுகளும், சமைக்க அரிசியும் உள்ளூரிலேயே கிடைத்துவிடும் என்று நம்பி வந்தவர்களுக்கு வெறும் வீடுகளே மிஞ்சின. அதற்குள் மழைக்காலமும் பிடித்துக்கொண்டது. ஷ்வேடகோன் பகோடாவின் மேடையையே கோட்டையாக்கிக்கொண்டு, கெட்டுப்போன உப்பிறைச்சியைத் தின்று, காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் அவர்கள் மாதக்கணக்கில் மடிந்தனர்.

அவர்களிடம் டயானா என்ற நீராவிக் கப்பலும் எரிகணைகளும் இருந்தன என்பது உண்மையே. டிசம்பரில் பெரும்படையுடன் வந்து வளைத்த பர்மியத் தளபதி மகா பந்துலா தோற்றுப் பின்வாங்கியதற்கு அவையும் காரணம். முன்பு டல்ஹௌசி தெருவாக இருந்து இன்று அவர் பெயரைத் தாங்கும் சாலையில் நாம் அன்றாடம் நடக்கிறோம். தனுபியுவில் அவர் குண்டுபட்டு இறந்தது 1825 ஏப்ரல் 1 அன்று. அதன் பிறகும் போர் ஓயவில்லை. 1826 பிப்ரவரி 24 அன்று யாண்டபோவில்தான் உடன்படிக்கை கையெழுத்தானது. ரங்கூன் வீழ்ந்து அதற்குள் ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள் கடந்துவிட்டன. ஆங்கிலேயர் தரப்பில் போருக்கு வந்த சுமார் 40,000 பேரில் 15,000 பேர் மாண்டனர் என்பர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நோய்.

கற்பனைக் கதைக்கு எதற்கு இத்தனை கணக்கு என்று கதாசிரியர் கேட்கலாம். கப்பலின் கொதிகலனை அவ்வளவு நுணுக்கமாக விவரித்தவர், நகரத்து மக்களை ஒரு வரியில் கடந்துவிட்டாரே என்பதுதான் என் குறை. அவர்கள் ஓடினார்களா, நெல்லை ஒளித்தார்களா, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்களா? வெற்றி பெற்ற அந்தத் தளபதி மறுநாள் காலை தன் படைக்குச் சோறு எங்கே தேடினான் என்பதை வரும் வாரத்திலாவது எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகர் ஒருவர்