நாயை அழைக்கும் முன் தரையைத் துடைப்பவரைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்துக்கு வளர்ப்பு நாய்களை அழைத்து வருவது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஊழியர்கள் தங்கள் நாய்களைக் கூட்டி வரலாம். அதை மேற்பார்ப்பது என் பொறுப்பு. எனவே கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை, குறை மட்டும் உண்டு. அதில் நாய் இருக்கிறது, நாயை வளர்ப்பவர் இருக்கிறார், தாராள மனம் படைத்த முதலாளியும் இருக்கிறார். தரையைத் துடைக்கும் அம்மாவைத்தான் காணோம்.

எங்கள் தளத்தைச் சுத்தம் செய்பவர் ஒப்பந்தப் பணியாளர். நாய்கள் வரலாமா என்று எல்லோரிடமும் மின்னஞ்சலில் கருத்துக் கேட்டார்கள். அந்த ‘எல்லோரில்’ அவர் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு லாப்ரடார் கூட்ட அறையின் மேசைக் காலை நனைத்துவிட்டது. அவர் பினாயில் ஊற்றித் துடைத்தார். அடுத்த வெள்ளியும் அதே நாய், அதே மேசைக் கால். பிறகு வேறொரு நாயும் மோப்பம் பிடித்து வந்து அங்கேயே காலைத் தூக்கியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைக் கேட்டார்: “என் பேரன் நனைத்தால் துடைக்கிறேன், அவன் என் பேரன். இது யாருடைய பேரனுங்க மேடம்?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எங்கள் விதிமுறை உருப்படியானது. நாய் அசுத்தம் செய்தால் அதை வளர்ப்பவரே சுத்தம் செய்ய வேண்டும். கையுறை, பழைய செய்தித்தாள், மூடி போட்ட குப்பைக்கூடை எல்லாம் தளத்திலேயே இருக்கும். நாய் வரும் நாட்களில் முடி பெருக்கும் வேலை கூடுகிறது என்பதால் அந்த அம்மாவுக்குத் தனிப்படி. பினாயிலை அறவே நிறுத்திவிட்டோம். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. பழைய வாடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது மறுபடியும் போகும். போதாக்குறைக்கு, பாதத்தில் ஒட்டிய பினாயிலை நாய் நக்கினால் அதற்குக் கெடுதல். நொதி கலந்த துப்புரவுத் திரவம் கடையில் கிடைக்கிறது. விலை சற்று அதிகம்தான், ஆனால் வாடையின் மூலத்தையே சிதைத்துவிடுகிறது. மேசைக் கால் இப்போது தப்பித்தது.

நாய் வேண்டாம் என்பவர்களைக் கட்டுரையாளர் ‘மாற வேண்டியவர்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். இதை ஏற்க முடியவில்லை. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தில் நாய்க்கடி பட்டவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கும் ஊர்ப்பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவியாக வேண்டிய சக ஊழியர் இருக்கிறார். மூச்சிரைப்பு உள்ளவர் இருக்கிறார். முடி கொட்டாத இனமாகப் பார்த்துக் கூட்டி வந்தால் ஒவ்வாமை வராது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருப்பது; முடி குறைவாகக் கொட்டுவதால் மட்டும் அது இல்லாமல் போகாது. எங்கள் கட்டடத்தில் ஒரு தளம் முழுக்க நாய் வராத தளம். இரண்டு லிஃப்ட்களில் ஒன்றில் நாய்க்கு இடமில்லை. காரணம் சொல்லாமலே அந்தத் தளத்துக்கு இடம் கேட்கலாம். காரணம் கேட்க ஆரம்பித்தால், நாய்ப் பிரியரான மேலாளரிடம் போய் “எனக்குப் பயம்” என்று எந்த இளநிலை ஊழியர் சொல்வார்?

இனி நாயின் பக்கம். நாய்க்கும் விருப்பு வெறுப்பு உண்டு. சிப்பிப்பாறை வளர்க்கும் நண்பர் ஒருவர் ஆசையாகக் கூட்டி வந்தார். வேட்டைக்கு ஓடி வளர்ந்த இனம். வளர்ப்பவர் ஒருவரோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பளபளக்கும் டைல்ஸ் தரையில் கால் வழுக்கி, அச்சு இயந்திரம் உறுமும் போதெல்லாம் உதட்டை நக்கி, கொட்டாவி விட்டு, கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. தூக்கம் வருகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். தூக்கம் அல்ல, அது பதற்றம். நண்பர் மதியமே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்; நல்ல முடிவு. அதற்குப் பிறகு நடைபாதையில் ரப்பர் விரிப்பு போட்டோம்.

தீனி விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். பிறந்தநாள் வந்தால் சாக்லெட் கேக், மாதக் கடைசியில் பாயசம் என்பது நம் அலுவலக வழக்கம். சாக்லெட் நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரியும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது தெரிவதில்லை. “ஒரு வாய்தானே” என்று அன்போடு நீட்டும் கைகள்தான் எனக்குப் பெரிய தலைவலி. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் உள்ளாட்சி உரிமமும் இல்லாத நாய்க்கு வாசலிலேயே தடை. இதில் இயக்குநரின் நாய்க்கும் சலுகை இல்லை.

வெளிநாட்டு உதாரணங்களைக் கட்டுரை அடுக்கியிருந்தது. சியாட்டிலில் அமேசான் தொடங்கிய காலத்தில் அலுவலகத்துக்கு வந்த ரூஃபஸ் என்ற கோர்கி இன நாயின் பெயரில் இன்று ஒரு கட்டடமே இருக்கிறது. அங்கேயும் நாயைப் பதிவு செய்துவிட்டுத்தான் உள்ளே அழைத்துச் செல்ல முடியும் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மன அழுத்தம் குறைகிறது என்று காட்ட எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு, வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்டது. நாயோடு வந்தவர்கள் நாள் போகப் போக அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் அது பல ஆண்டுகளாக நாய்களை அனுமதித்து வந்த ஒரே நிறுவனத்தில் நடந்த சிறிய ஆய்வு. மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனான கார்டிசாலை எச்சிலில் அளந்தபோது, அதன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அழுத்தம் குறைந்ததாக அவர்கள் சொன்னது நல்ல செய்திதான். அதை வைத்து உற்பத்தி பெருகும் என்று முதலாளிக்குக் கணக்குக் காட்டுவது அதிகப்படி.

உதாரணம் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. டாடா குழுமத்தின் தலைமையகமான மும்பை பாம்பே ஹவுஸில் தெருநாய்கள் தாராளமாக வந்து போகும். 2018-இல் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவற்றுக்கென்றே தரைத்தளத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். சொல்லப்போனால் நம்மூர் அலுவலகங்களுக்கும் நாய் புதிதல்ல. காவலாளியின் நாற்காலிக்கு அடியில், அவர் போடும் இட்லியைத் தின்றுவிட்டு ஒன்று படுத்துத்தான் கிடக்கும். ஊழியர்களின் நாய்களை வரவேற்கிறோம் என்று முடிவெடுத்த நிறுவனங்கள் சில, முதல் வேலையாக அந்த நாயை விரட்டப் பார்க்கின்றன. சீமை நாய் உள்ளே போக, தெருநாய் வெளியேற வேண்டுமாம். எங்கள் வாசல் நாய்க்குக் கருத்தடை செய்து, காது நுனியில் அடையாளம் வெட்டி, ஆண்டுதோறும் ஊசியும் போடுகிறோம். அதன் எல்லையில் வேற்று நாய்கள் நடந்தால் சண்டை நிச்சயம் என்பதால், வெள்ளிக்கிழமைகளில் ஊழியர்களின் நாய்கள் வண்டி நிறுத்துமிடத்தின் பின்வாசல் வழியாக வரும். இந்த யோசனை காவலாளி சொன்னது. அவரையும் யாரும் மின்னஞ்சலில் கேட்டிருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரையும் தூய்மைப் பணியாளர் ஒருவரையும் சேர்த்துப் பேச வைத்து, இதே பொருளில் இன்னொரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்துக்கு நாய் போதும். பேட்டி அவர்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.