பொருள்: அளவுக் கப் செட்டுடன் வரும் கிராம் அட்டை தவறாக இருப்பது

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பாளையங்கோட்டை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மாதம் உங்கள் ஸ்டீல் அளவுக் கப் செட் ஒன்று வாங்கினேன். நாலு கப், நாலு ஸ்பூன். கப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புகார் எல்லாம் பெட்டிக்குள் இருந்த மஞ்சள் அட்டையைப் பற்றித்தான். '1 கப் = 250 கிராம், அரை கப் = 125 கிராம், 1 டேபிள்ஸ்பூன் = 15 கிராம்' என்று அதில் இருக்கிறது. எந்தப் பொருளுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் சித்தியின் நோட்டைப் பார்த்து பட்டர் கேக் போட்டேன். முட்டை 5, வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 250 கிராம். சித்தி தட்டுத் தராசில் ஒரு பக்கம் முட்டையை வைத்து, மற்ற மூன்றையும் அந்த எடைக்கு எடை நிறுத்தவர். என்னிடம் தராசு இல்லை. உங்கள் அட்டையை நம்பி மூன்றிலும் ஒவ்வொரு கப் போட்டேன்.

கேக் நன்றாகத்தான் எழும்பியது. வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் வெண்ணெய் கசிந்து, அடித்தாள் நனைந்து கிடந்தது. கத்தியை விட்டால் அல்வா மாதிரி ஒட்டியது. ஓவன்தான் சரியில்லை என்று நினைத்து, சூட்டைக் குறைத்து மறுநாளும் போட்டேன். மறுபடியும் அதே குழி. பத்து முட்டை போயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் குறை சொல்லாமல் ஸ்பூனால் சாப்பிட்டார்.

பிறகு கப்பை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், அண்ணாச்சியின் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கப் தண்ணீர் 240 கிராம். சர்க்கரை 204. ரவை 170. பொடி உப்பு 290. சலித்த மைதா வெறும் 118. அதையே அமுக்கி நிரப்பினால் 146. அதாவது சலித்துப் போட்ட என் கேக்கில் விழுந்த மாவு பாதிக்கும் குறைவு. "தண்ணிக்குச் சொல்ற கணக்கை மாவுக்குச் சொன்னா எப்படிம்மா?" என்றார் அண்ணாச்சி. தண்ணீருக்குமே உங்கள் அட்டை சரியில்லை. கப்பின் கைப்பிடியில் 240 மி.லி. என்று நீங்களே பொறித்திருக்கிறீர்கள்!

உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். "அது பொதுவான அளவு மேடம், சுமாராத்தான் இருக்கும்" என்றார் பேசிய தம்பி. இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்று போடுகிறோம். அரிசி, உளுந்து இரண்டையுமே ஒரே ஆழாக்கால் அளப்பதால் அது பிசகுவதில்லை. கிராமைக் கப்பாக மாற்றும்போதுதான் வம்பு. உப்புக்கும் மைதாவுக்கும் பொதுவாக ஒரு அளவு எங்கிருந்து வரும்? உங்கள் ஸ்பூனால் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு எடுத்தால் ஏறக்குறைய 18 கிராம், மைதா 8 கிராம்கூடத் தேறாது.

வெண்ணெய்க்கும் முட்டைக்கும் காசு கேட்கவில்லை. கேட்டால் தப்பில்லை, ஆனாலும் கேட்கவில்லை. இனி விற்கும் பெட்டிகளில் இந்த அட்டையைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் மைதா, கடலை மாவு, சர்க்கரை, ரவை, நெய் என்று பொருள்வாரியாக எடை போடுங்கள். மாவைச் சலித்து அளந்ததா, அமுக்கி அளந்ததா என்பதையும் போடுங்கள். எனக்கு அப்படி ஒரு அட்டை அனுப்பி வையுங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

ரசீது நகல், அட்டையின் படம், இரண்டாவது கேக்கின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். முதல் கேக்கைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்