வெளியே தெரியாத வலிக்கும் ஒரு லோயர் பெர்த் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். வயது 51. இந்த ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின வாரம், கம்பெனி வேலையாக பஞ்சாபில் இருக்கிற லூதியானாவுக்குப் போய்வந்தேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பயணத்தில் பட்டதை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடக்கே உள்ள மொத்த வியாபாரிகள் கோடையில் விற்கும் டி-ஷர்ட்டுக்கும் பனியனுக்கும் குளிர்காலத்திலேயே ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். லூதியானா ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் பேர்போன ஊர் என்றாலும் பருத்திச் சரக்கை எங்களிடம் வாங்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர். துணியைக் கையில் தொட்டுப் பார்க்காமல் ஆர்டர் வராது, நேரில் போய் உட்காராமல் பழைய பாக்கி வராது. அதனால் டிசம்பர் ஜனவரியில், அதாவது பனிமூட்டம் மோசமாக இருக்கிற அதே சமயத்தில், சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும்.

நவம்பர் கடைசியில் குடோனில் ஒரு பண்டலைக் குனிந்து தூக்கினேன், இடுப்பில் சுளீரென்று பிடித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் வேண்டாம், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும், ஆனால் எடை தூக்காதீர்கள், தொடர்ந்து உட்காராதீர்கள் என்றார் டாக்டர். சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். இதே தொந்தரவு இருக்கும் வாசகர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வலி எப்படி என்றால், நின்றால் பரவாயில்லை, நடந்தாலும் சமாளிக்கலாம். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆனால் புட்டத்தில் ஆரம்பித்து தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இறங்கும். தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கட்டு இல்லை, கைத்தடி இல்லை, ஸ்வெட்டருக்குள் ஒரு இடுப்பு பெல்ட், அவ்வளவுதான்.

"ஏனுங்க, இந்த முதுகை வெச்சுக்கிட்டு அத்தனை தூரம் போகோணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். முதலாளி கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் போகாவிட்டால் வேறு ஆள் போவார், பத்து வருடமாக நான் பழக்கிவைத்த பார்ட்டிகள், அதாவது சரக்கு வாங்குகிற வியாபாரிகள், அவர் பார்ட்டிகள் ஆகிவிடுவார்கள், இன்சென்டிவும் அவருக்குப் போகும். பையன் காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறான். போனேன்.

கடைசி நேரத்தில் போட்ட டிக்கெட், மூன்றாம் வகுப்பு ஏசியில் மிடில் பெர்த் கிடைத்தது. டெல்லிக்கு இரண்டு ராத்திரி. மிடில் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது, ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பை முறுக்கித்தான் ஆகவேண்டும், ஜவ்வு விலகினவன் செய்யவே கூடாதது அதுதான். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரைக்கும்தான் அதை விரித்துக்கொள்ள உரிமை. மீதி நேரம் முழுக்க உட்கார்ந்தே வரவேண்டும். லோயர் பெர்த் இரண்டிலும் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. அந்த அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். அவர்களிடம் போய் எப்படிக் கேட்பது? சைடு லோயரில், ஒரே பெர்த்தை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் ஆர்ஏசி டிக்கெட்டில் இரண்டு பேர் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். டிடிஆரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினேன். நல்ல மனிதர், முழுக்கப் படித்துப் பார்த்தார். "சார், உங்களுக்கு 60 ஆகவில்லை, நீங்கள் மாற்றுத்திறனாளியும் இல்லை, காலியாக ஒன்று விழுந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் தரவேண்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று பகல் முழுக்கக் கழிப்பறைப் பக்கத்தில் கதவோரமாக நின்றுகொண்டே வந்தேன், இடையிடையே வந்து கொஞ்ச நேரம் உட்காருவேன், மறுபடி போய் நிற்பேன்.

டெல்லியில் இறங்கினால் எதிர் பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. லூதியானா அங்கிருந்து 300 கிலோமீட்டர் சொச்சம், சாதாரண நாளில் நாலைந்து மணி நேரம். நான் ஏறவேண்டிய ரயில் முதலில் இரண்டு மணி நேரம் தாமதம் என்றார்கள், அப்புறம் நாலு, கடைசியில் ஆறரை மணி நேரம். இதற்கு ரயில்வேயைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஜினில் ஜிபிஎஸ் கருவி வைத்து அடுத்த சிக்னல் வருவதை டிரைவருக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள், அப்படியும் மூட்டத்தில் 75 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது நம் உயிருக்காகத்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் மறுநாள் பார்ட்டி காத்திருக்கும்போது பணத்தை வாங்கிக்கொண்டு எங்கே போவது?

காத்திருப்பு அறையில் கால் வைக்க இடமில்லை. பிளாட்பாரத்து இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் பேன்ட்டைத் தாண்டி நேராக எலும்பில் ஏறுகிறது. கடைசியில் ஒரு தூணோரம் இந்திப் பேப்பர் நாலு தாளை விரித்துப் படுத்தேன். தரையின் குளிர் அதைவிட மோசம். அப்போதுதான் சாம்பிள் பை நினைவு வந்தது. திறந்து, கோடைக்கென்று கொண்டுபோன டி-ஷர்ட்டுகளில் ஏழெட்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஸ்வெட்டருக்குள் இடுப்பைச் சுற்றி வைத்து, மேலே பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன். அரை மணி நேரத்தில் முதுகில் ஒரு சூடு பரவியது பாருங்கள், அந்தச் சூட்டை மறக்கமாட்டேன். நாங்களே பின்னி, சாயம் போட்டு, தைத்த துணி.

லூதியானாவில் பகலிலேயே 12 டிகிரியைத் தாண்டவில்லை, மூன்று நாளும் சூரியனைப் பார்க்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மணிக்கூண்டு, அதைத் தாண்டி சௌரா பஜார், லோஹ்ரி பண்டிகைக்காக வேர்க்கடலையும் எள்ளு மிட்டாயும் குவித்து வைத்திருந்தார்கள். ரூமில் காலையில் சாக்ஸ் போடக் குனிய முடியவில்லை. கட்டிலில் படுத்து, காலைத் தூக்கி, எப்படியெப்படியோ முயன்று முடியாமல் வெறும் காலை ஷூவுக்குள் நுழைத்துக்கொண்டு போய்விட்டேன். கடையில் வயதான சர்தார்ஜி, பல வருடப் பழக்கம், நான் உட்காராமல் நின்றுகொண்டே சாம்பிள் காட்டுவதைக் கவனித்தவர் அப்புறம் காலையும் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து புதுக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துவந்து, என்னைத் திவானில் சாய்த்துவிட்டு, தன் கையாலேயே போட்டுவிட்டார். என் அப்பா வயது அவருக்கு. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கசங்கிப்போயிருந்த சாம்பிளைப் பார்த்தே ஆர்டரும் கொடுத்தார்.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ரயிலில் 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு லோயர் பெர்த் ஒதுக்குகிறார்கள். ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு, மூன்றாம் ஏசியில் நாலைந்து, இரண்டாம் ஏசியில் மூன்று நாலு. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியாக உண்டு. நல்ல ஏற்பாடு, அதில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஜவ்வு விலகினவர், எலும்பு முறிந்து மாவுக்கட்டு பிரித்தவர், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆனவர், இவர்கள் நிரந்தர மாற்றுத்திறனாளிகள் இல்லை, வயதும் ஆகவில்லை. இவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? புற்றுநோய், சிறுநீரக நோய், காசநோய் போன்றவற்றுக்கு டாக்டர் சான்றிதழ் பார்த்துக் கட்டணச் சலுகை தரும் முறை ரயில்வேயில் ஏற்கெனவே இருக்கிறது. அதே மாதிரி ஒரு படிவம், அரசு மருத்துவமனை டாக்டர் கையெழுத்து, மூன்று மாதத்துக்கு மட்டும் செல்லுபடியாகட்டும். சலுகை வேண்டாம், முழுக் கட்டணம் தருகிறோம், பெட்டிக்கு ஒரே ஒரு லோயர் பெர்த் போதும். பொய்ச் சான்றிதழ் வரும் என்பார்கள். அரசு டாக்டர் கையெழுத்தும் மூன்று மாதக் கெடுவும் இருந்தால் அதைப் பெருமளவு தடுக்கலாம், யாரோ சிலர் ஏமாற்றுவார்கள் என்று வலிக்கிறவனை மேலே ஏறச் சொல்வது நியாயமில்லை.

எங்கள் ஊர் முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தில் வடக்கே ஆள் அனுப்பும்போது சாம்பிளை நாலு நாள் முன்னாலேயே பார்சலில் போட்டுவிடுங்கள். பதினெட்டு கிலோ பையைத் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படி ஏறுவது நல்ல உடம்புக்காரனுக்கே கஷ்டம். முடியாதவர் ஒரு சீசன் போகாவிட்டால் அவர் பார்ட்டி அவர் பெயரிலேயே இருக்கும் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தை கிடைத்திருந்தால் நான் போயிருக்கமாட்டேன்.

ஏப்ரலில் சரக்கு போய்ச் சேர்ந்ததும் வசூலுக்கு மறுபடி நான்தான் போகவேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் காலையில் செய்கிறேன், கெண்டைக்கால் மரத்துப்போவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருப்பூர்.