வைத்திக்கு, கேபிள் விஷயமாக

செம்பூர், மும்பை
ஞாயிறு காலை

அன்புள்ள வைத்தி,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை மனசுக்குள் திட்டிக்கொண்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் புனேயில்தான் இருக்கிறாள். மழை நின்றுவிட்டது, வேர்வை நிற்கவில்லை. உன் சர்க்கரை எப்படி என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை.

இப்போது விஷயம். போன வருஷம் என் பேச்சைக் கேட்டு 18,000 ரூபாய் கொடுத்து ஸ்பீக்கர் கேபிள் வாங்கினாயே, அது தண்டம். முழுக்க என் தப்பு. போனில் சொல்லியிருக்கலாம். நீ சிரிப்பாயா கத்துவாயா என்று தெரியாததால் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் கேபிள் மாற்றியதும் உன்னைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் அளந்தேனே, ஞாபகம் இருக்கா? குடத்துக்குள் தட்டுகிற மாதிரி 'தொம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்த மிருதங்கத் தொப்பி, அதாவது இடது பக்கம், அடித்த இடத்தில் நிற்கிறது. தம்புரா தனியாக, குரல் தனியாக. வயலின் வில் திரும்புகிற இடம்கூடத் தெரிகிறது என்றெல்லாம். அத்தனையும் நிஜம், வைத்தி. காது சரியாகத்தான் கேட்டது. காரணத்தைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

அதே வாரம்தான் மாமியார் போடியிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். கூடவே இரண்டு இலவம்பஞ்சு மெத்தை. பம்பாய் மெத்தை முதுகுக்கு ஆகாது என்று ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ராத்திரி ஹாலில் விரிப்போம், பகலில் சுருட்டி இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் மூலையில் நிறுத்திவைப்போம். ஆள் உயரத்துக்கு, மூன்று அடி கனத்துக்கு ஒரு பொதி. ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் தினம் முணுமுணுப்பேன்.

சித்திரையில் அவர் காலமானது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த மெத்தைகளை யாரும் தொடவில்லை. போன மாதம் ஒரு நாள் பஞ்சு அடிக்கிறவர் தோளில் வில்லை மாட்டிக்கொண்டு நாணைச் சுண்டியபடியே தெருவில் வந்தார். 'டொய்ங்' என்று என்ன ஒரு ஒலி தெரியுமா, தலைகாணி அடிக்கிறவன் கையில் அப்படி ஒரு சுத்தமான சுருதி! சரோஜா பால்கனியிலிருந்து கூப்பிட்டு, இரண்டு மெத்தையையும் பிரித்துத் தலையணையாக அடித்துத் தரச் சொல்லிவிட்டாள். ஏன் அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளே சொன்னாள், "ஹால் என்னவோ கணகணன்னு இருக்கு" என்று. அம்மாவின் மூலை காலியாகிவிட்ட துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். ராத்திரி ஒரு எல்.பி. இசைத்தட்டு போட்டேன். தொப்பி மறுபடி குடத்துக்குள் போய்விட்டது.

இதற்கு அப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீ விசுவுக்குச் சொல்லிச் சிரிப்பாய். ஊசியைத் துடைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் முதுகைக் கழற்றினேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற லாமிங்டன் ரோட்டுக்கு இரண்டு நடை நடந்து கேபிள் முனைகளை மாற்றிக்கொண்டு வந்தேன். கெபாசிட்டர் வயசாகிவிட்டது என்று முடிவுகட்டி விலை விசாரித்தேன். இப்படி இரண்டு வாரம். ஒரு நாள் கை தவறி எவர்சில்வர் டம்ளர் விழுந்தது. அது உருண்டு நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. அந்த மூலைக்குப் போய் நின்று கையைத் தட்டினேன். 'ட்ர்ர்ர்' என்று ஒரு வால். சரோஜா சொன்ன கணகண அதுதான்.

அப்புறம் காகிதமும் பென்சிலும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. என் ஹாலின் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். அந்த நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 47 அதிர்வு, அதன் பாதி அலைநீளம் ஹாலின் நீளம்) அதன் இரட்டிப்பான 94-ம் இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தள்ளாடும். தொப்பியை அழுத்தித் தேய்க்கிற கும்கி உருண்டு வருவது கிட்டத்தட்ட அந்த 94 பக்கம்தான். பஞ்சு மாதிரி ஒன்று ஒரு ஸ்வரத்தை நன்றாக விழுங்க வேண்டுமானால் அந்த அலைநீளத்தில் கால்வாசி கனமாவது இருந்தால் நல்லது. 94-இன் அலைநீளம் 12 அடி. கால்வாசி எவ்வளவு? மூன்று அடி! மாமியாரின் பொதி. 47-ஐ அது அவ்வளவாகத் தொட்டிருக்காது, ஆனால் தொப்பியைக் காப்பாற்ற அது போதும். போதாததற்கு, நம் எல்லோரையும் போல நானும் சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டிருக்கிறேன். கீழ் ஸ்வரமெல்லாம் போய்க் குவிகிற இடமே சுவர்தான். இரண்டடி முன்னால் இழுத்தால் சமையலறைக்கு வழி இல்லை.

சரி, கேபிள்? அதையும் பார்த்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் போடுகிற ஒண்ணரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை மூன்று மீட்டர் வெட்டினேன். போக வர ஆறு மீட்டருக்கு மின்தடை 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இதனால் குறைகிற ஒலி ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சரோஜா திரைக்குப் பின்னால் நின்று மாற்றி மாற்றி மாட்டினாள், நான் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொன்னேன். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

உன் வீட்டிலும் வித்தியாசம் தெரிகிறது என்றாயே, ஸ்ரீரங்கத்துக்கு எந்த மெத்தை வந்தது? 18,000 கொடுத்தவனுக்குத் தெரியாமல் போகுமா!

விசு இப்போது நொடிக்கு 1,92,000 தடவை ஒலியை அளந்து பதிகிற 192 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் பதிவு என்று அலைகிறான். சி.டி.யின் 44.1-லேயே 22,000 ஹெர்ட்ஸ் வரை வந்துவிடுகிறது. இந்த வயதில் நமக்கு 12,000 கேட்டாலே புண்ணியம். அவனிடம் சொல்லிப் பார்த்தேன், "உன் சிஸ்டம் அப்படி" என்றான். ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை 2016-இல் மூடியபோது நம் மூன்று பேரில் அழுததும் அவன்தான், அதனால் மன்னித்துவிட்டேன்.

இன்னொன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அசல் ஒலி, அசல் ஒலி என்று முப்பது வருஷமாகப் பேசுகிறோமே, நாம் எதோடு ஒப்பிடுகிறோம்? ஷண்முகானந்தா அரங்கில் பால்கனியில் உட்கார்ந்து கேட்பதும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. மைக் இல்லாமல் மிருதங்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாக எப்போது கேட்டாய்? மாட்டுங்காவில், தெலங் ரோடு அறையில், அந்த ஒரு ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்கும் தரை முழுக்க ஏழு பேர் படுக்கை சுருட்டி வைத்திருந்தோம்.

மெத்தைதான் காரணம் என்று சரோஜாவிடம் துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். அலைநீளக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மா இருந்தவரைக்கும் இடத்தை அடைக்குதுன்னுதானே சொன்னீங்க" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ஒன்றும் போடவில்லை, வைத்தி.

தலையணைகள் வந்துவிட்டன, ஒன்பது. மூலையில் அடுக்கிவைத்தேன். பாதி சரியாகிறது. விருந்தாளி வந்தால் போச்சு. ரமணி தேனிப் பக்கம் அடிக்கடி போகிறான் அல்லவா? போடியில் இரண்டு மெத்தைக்குச் சொல்லிவைக்கச் சொல். பஞ்சு புதுசாக இருக்கட்டும், கனம் குறைய வேண்டாம். சரோஜாதான் வாங்கச் சொன்னாள், நான் கேட்கவில்லை.

உன் பணத்துக்கு நான் பொறுப்பு. பொங்கலுக்கு வரும்போது பாதி, மீதி அப்புறம். கேபிளை விசுவின் தலையில் கட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவன் அதில் புதுசாக ஏதாவது கேட்டுவிடுவான், பிறகு நம்மைத் தூங்க விடமாட்டான்.

பதில் எழுதும் முன் உன் கூடத்து நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கையைத் தட்டு. என்ன கேட்டது என்று அப்படியே எழுது. கமலத்திடம் முதலில் சொல்லிவிட்டுத் தட்டு.

உன்,
ராஜு