லியூ பாட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஒப்பிலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு உங்கள் முதுகலை வகுப்பில் சாவ் ஷுவேசின் எழுதிய 'செம்மாடக் கனவு' என்ற சீன நாவலைப் படித்த மாணவி நான். படித்தேன் என்பதைவிட, ஜெராக்ஸ் எடுத்த மூன்று அத்தியாயங்களைப் புரட்டினேன் என்பதுதான் சரி. 120 அத்தியாயங்களில் நீங்கள் வைத்தவை நாயகன் பாவ்யூ கனவு காணும் 5, அவன் காதலிக்கும் தாய்யூ உதிர்ந்த பூக்களைப் புதைக்கும் 27, அவள் இறந்துபோகும் 98. தேர்வில் 'முக்கோணக் காதலை விளக்குக' என்று கேட்டீர்கள். விளக்கினேன், நல்ல மதிப்பெண்ணும் போட்டீர்கள்.

அப்புறம் விடுமுறையில் ஹாக்ஸ், மின்ஃபர்ட் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பை, ஐந்து தொகுதிகளையும், நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது.

6ஆம் அத்தியாயத்தில் லியூ பாட்டி என்று ஒரு கிராமத்துக் கிழவி வருகிறாள். வீட்டில் குளிர்காலத்துக்கு வழியில்லை. பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, தூரத்து உறவைச் சொல்லி உதவி கேட்கலாமென்று பாவ்யூவின் பணக்காரச் சியா குடும்பத்து மாளிகைக்கு வருகிறாள். வாசலைப் பார்த்ததும் கால் எழவில்லை. உடையைத் தட்டிவிட்டுக்கொள்கிறாள், பேரனுக்கு என்ன பேச வேண்டுமென்று சொல்லிக்கொடுக்கிறாள், பிறகு பக்கவாட்டுக் கதவை நோக்கி மெல்ல நகர்கிறாள். வீட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருக்கும் ஷிஃபெங் அவளுக்கு 20 லியாங் (பழைய சீன எடை அளவு) வெள்ளி கொடுக்கிறாள். வேலைக்காரப் பெண்களுக்குத் துணி தைக்க வைத்திருந்த பணம் அது.

33 அத்தியாயங்கள் கழித்துப் பாட்டி மறுபடி வருகிறாள். அந்த வீட்டில் நண்டு விருந்து நடந்திருக்கிறது. நண்டு விலையை விரல்விட்டு எண்ணி, சாராயத்தையும் மற்ற பதார்த்தங்களையும் சேர்த்துப் பார்த்தால் 20 லியாங்குக்கு மேல் போகிறது. எங்களைப் போன்ற குடியானவர்கள் இதை வைத்து ஒரு வருடம் ஓட்டிவிடுவோமே என்கிறாள். அன்று அவளுக்குப் பிச்சையாக விழுந்த தொகை, இன்று ஒரு வேளைச் சாப்பாடு. ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. 6ஐப் படித்தவர்களுக்கு மட்டும் 39இல் சுருக்கென்று தைக்கும்.

அதற்கு மேல் கத்தரிக்காய். கோழிக் கொழுப்பில் வறுத்து, கோழி, காளான், மூங்கில் குருத்தெல்லாம் போட்டுக் கோழிச் சாற்றில் வேகவைத்த பண்டம். செய்முறையைக் கேட்ட பாட்டி வாயைப் பிளக்கிறாள்: ஒரு கத்தரிக்காய்க்குப் பத்துக் கோழியா!

ஷிஃபெங்கின் குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இவள்தான். குடும்பம் நொடித்துப்போய், உறவினர்களே அந்தப் பெண்ணை விற்கத் துணியும்போது, கிராமத்துக்குக் கூட்டிப்போய்ப் பாதுகாப்பவளும் இவளே. நீங்கள் வைத்த 5ஆம் அத்தியாயத்திலேயே, ஆளில்லாத கிராமத்துச் சாவடியில் ஒரு பெண் நூல் நூற்கும் படம் வருகிறது. அது இந்தக் குழந்தையின் விதி. வகுப்பில் 'ஏதோ விடுகதை' என்று தாண்டிப் போனோம்.

முழு நாவலுக்கு ஒரு பருவம் ஒதுக்குவதுதான் முறை. முடியாதென்றால் பாட்டியின் தடத்திலாவது போங்கள்: 5, 6, 39 முதல் 42 வரை, 113, 119. எட்டே அத்தியாயங்கள். கடைசி 40 அத்தியாயங்கள் ஆசிரியர் இறந்து சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1791இல்தான் முதன்முதலாக அச்சில் வந்தன, அவை அவர் எழுதியவைதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். நாவல் முழுக்க ஓடும் சிவப்பை ஹாக்ஸ் பல இடங்களில் பச்சையாக மாற்றியதையும் சொல்லுங்கள். ஒப்பிலக்கிய வகுப்பில் அதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நூலகத்தில் முதல் தொகுதி கிழிந்து தொங்குகிறது. ஐந்தாவதில், நான் எடுக்கும்வரை ஒரு தேதி முத்திரைகூட விழவில்லை. 119 அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி