கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி எல்லா ரூமுக்கும் ஒரு நடை நடந்து பாருங்க தம்பி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் போட வந்த தம்பி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரவுட்டர வெச்சுட்டு, அங்கயே நின்னு போன்ல ஒரு வீடியோ ஓட்டி காமிச்சு, "வருதுல்லம்மா"ன்னு கேட்டு கையெழுத்து வாங்கிட்டு கெளம்பிட்டாரு. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, ஒரு நாளைக்கு எத்தன வீடு ஏறி எறங்கணுமோ. ஆனா அதுக்கப்புறம் மூணு வாரம், அடுக்களைய ஒட்டின ரூம்ல மருமக ஆபீஸ் மீட்டிங்குக்கு உக்காந்தாலே படம் அப்படியே நின்னு போயிரும், கம்பெனிக்கு போன் போட்டா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கங்கற ஒரே பதில்தான்.

கடைசில என் தங்கச்சி மகன் வந்து பாத்தான். ரவுட்டருக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ரெண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. சுத்தி வெச்சிருந்த ஃபைபர் ஒயர் நல்லவேளையா மிச்சம் இருந்துச்சு, அத மடிச்சு ஒடச்சிராம (உள்ள இருக்கறது கண்ணாடி எழை) மெதுவா இழுத்து, நடு வாசல்கிட்ட ஆளுயரத்துல ஒரு பலகை அடிச்சு அதுமேல வெச்சான், பாதி பிரச்சன அதோட போச்சு. மீதி என்னன்னா போன்ல வைஃபை தேடினா எங்க ரவுட்டருக்கு ரெண்டு பேர் காட்டும், ஒரு பேரு கடைசில 5ஜின்னு முடியும். நாங்க அத செல்போன் 5ஜின்னு நெனச்சு எல்லா ரூம்லயும் அதயே போட்டுட்டு இருந்தோம். அது வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையாம், பக்கத்துல இருந்தா நல்ல வேகம், சுவர் தாண்டினா சோர்ந்து போயிரும். இன்னொண்ணு 2.4, தூரம் போகும், ஆனா அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசைலதான் நெரியுது. அதுல 1, 6, 11னு ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் (அலைவரிசைக்குள்ள பிரிச்சு வெச்ச பாதை) மூணுதான். எங்க தெருவுல முக்காவாசி வீடு 6ல இருக்குன்னு போன்லயே பாத்து எங்களுது 11க்கு மாத்தினான், இப்ப மீட்டிங் நிக்கறதில்ல.

அப்புறம் அட்மின் பாஸ்வேர்ட், அதாவது ரவுட்டர் செட்டிங்க மாத்தறதுக்கான பாஸ்வேர்ட். பிரவுசர்ல ரவுட்டரோட விலாசம் 192.168.1.1 அடிச்சு உள்ள போனா யூசர் நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்! வீட்டு கதவுல சாவிய தொங்க விட்டுட்டு தூங்கின மாதிரி. 2016ல மிராய்ங்கற வைரஸ் கேமராவும் ரவுட்டருமா லட்சக்கணக்குல புடிச்சது இப்படி மாத்தாம விட்ட பாஸ்வேர்ட் வழியாத்தான். அதயும் மாத்தி, வைஃபை பூட்டு டபிள்யூபிஏ2ங்கற பாதுகாப்பு மொறைல இருக்கான்னும் பாத்துட்டுதான் போனான்.

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா ரவுட்டர்ல எரியற லைட்டுங்கள பத்தி யாருமே சொல்லல. ஒரு நாள் ராத்திரி நெட் போச்சு, நாங்க ரெண்டு மணி நேரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டே இருந்தோம், எல்ஓஎஸ்னு போட்ட எடத்துல செவப்பா மின்னிட்டே இருந்துச்சு. அது செவப்பா மின்னினா ஃபைபர்ல வெளிச்சமே வந்து சேரலன்னு அர்த்தம், வீட்டுக்குள்ள எத்தன தடவ சுவிட்ச தட்டினாலும் வராது, லைன்மேன்தான் வரணும். மறுநாள் பாத்தா முக்குல லாரி ஒண்ணு ஒயர இழுத்து அத்துட்டு போயிருக்கு. பக்கத்து வீட்டு பெரியவர் அதே ராத்திரி ரீஸ்டார்ட்டுன்னு நெனச்சு பின்னாடி ஓட்டைல குண்டூசிய விட்டு அமுக்கி புடிச்சிருக்காரு. அது ரீசெட்டு, போட்டு வெச்ச செட்டிங் மொத்தமும் அழிஞ்சு, லைன் சரியான பின்னாடியும் அவருக்கு ரெண்டு நாள் நெட் இல்ல. மகன் வெளிநாட்டுல, தெனம் வீடியோ கால்லதான் அவருக்கு பொழுதே விடியும்.

அதனால கம்பெனிக்காரங்களுக்கு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன், ரவுட்டர் மாட்டினதும் போன கையில வெச்சுட்டு எல்லா ரூமுக்கும் ஒரு நடை நடந்து பாத்துட்டு அப்புறம் கையெழுத்து வாங்கச் சொல்லுங்க. எந்த லைட்டு எதுக்கு, ரீசெட்ட ஏன் தொடக்கூடாது, கம்ப்ளெய்ண்ட் நம்பர் என்னன்னு தமிழ்ல ஒரே ஒரு தாள் அடிச்சு ரவுட்டர் பக்கத்துல சுவத்துல ஒட்டிட்டு போகச் சொல்லுங்க. எங்க வீட்டுல நானே காலண்டர் அட்டைல எழுதி ஒட்டிருக்கேன், பக்கத்து வீட்டு பெரியவருக்கும் ஒண்ணு எழுதி குடுத்துட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை