பட்டாணிப் பூவில் ஒரு மகரந்தத்தாளைக் காணோம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் தளத்தில் 4,850 ரூபாய் கட்டி, பட்டாணிச் செடியின் பழைய சுவர்ப்படம் ஒன்றின் மறு அச்சை வாங்கினேன். வந்தது சரியில்லை என்று இரண்டு முறை மெயில் போட்டுவிட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான்: விண்டேஜ் டிசைனில் சிறு வேறுபாடுகள் இருக்குமாம், அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறீர்களாம். எனக்குக் கூப்பன் வேண்டாம். என் பிரச்சினையை உங்கள் பக்கத்தில் ஒருவராவது முழுசாகப் படித்தால் போதும்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், படம் வாங்கியது எங்கள் ஆய்வகச் சுவருக்கு. யுங், கோக், க்வென்டெல் என்ற மூன்று பேர் சேர்ந்து 1890களில் ஜெர்மனியில் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த வரிசை அது. உங்கள் தளத்தில் ‘ஓவியர் பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள், மூன்று பெயரும் சுலபமாகக் கிடைக்கும், தயவுசெய்து திருத்துங்கள். அந்த வரிசைக்கு அடையாளமே கறுப்புப் பின்னணிதான். புரொஜெக்டர் இல்லாத காலத்தில் கடைசி பெஞ்சில் இருக்கிற பையனுக்கும் இதழ் வேறு, தண்டு வேறு என்று பளிச்சென்று தெரிய வேண்டுமே. நீங்கள் அனுப்பியதில் அந்தக் கறுப்பு, பழசாகத் தெரிய வேண்டும் என்று ஏதோ ஃபில்டர் போட்டு, டீ சிந்தின பழுப்பாக மாறியிருக்கிறது. மடிப்புக் கோடுகளைக்கூட அச்சிலேயே சேர்த்திருக்கிறீர்கள்! அதில் ஒரு கோடு சரியாகக் காயின் நடுவே ஓடுகிறது, முதலில் பார்த்த மாணவி அதைக் காய் வெடிக்கும் கோடு என்றே நினைத்துவிட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பூவைப் பிரித்துக் காட்டும் பகுதியில் செய்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பட்டாணிப் பூவில் மகரந்தத்தாள்கள், அதாவது மகரந்தம் தரும் ஆண் உறுப்புகள், பத்து. ஒன்பது அடியில் ஒட்டிக் குழாய் மாதிரி சூலகத்தைச் சுற்றி நிற்கும், பத்தாவது மட்டும் மேல்பக்கம் தனியாக இருக்கும், அதன் இரு பக்கத்து இடைவெளி வழியாகத்தான் உள்ளே இருக்கிற தேனைப் பூச்சி எட்டும். இருகற்றை என்று பாடத்தில் சொல்கிறோமே, அது இதுதான். உங்கள் அச்சை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தனியாக நிற்க வேண்டிய அந்தப் பத்தாவது, குழாயோடு கரைந்து ஒரே மஞ்சள் திட்டாகிவிட்டது, மகரந்தப் பைகளை எண்ணினால் ஏழோ எட்டோதான் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் பழைய அச்சின் நல்ல ஸ்கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதில் தெளிவாக இருக்கிறது. சின்ன ஃபைலை எடுத்து ஏஐ போட்டுப் பெரிதாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது தனக்குப் புரியாத இடத்தைத் தானாக நிரப்பிவிட்டது போல. வீட்டு ஹாலில் மாட்டுகிறவருக்கு இது தெரியாமல் போகலாம். எனக்கு இது தப்பான பாடம், இதைப் பார்த்து வரைகிற மாணவருக்குத் தேர்வில் மதிப்பெண் போகும்.

அப்புறம், வலது ஓரத்தில் நான்கு சென்டிமீட்டர் வெட்டுப்பட்டுக் காயின் நுனியே இல்லை. படத்தின் கீழ்ப்பக்கத்து மரக்கட்டையும் விரிசல் விட்டு வந்தது, அது கூரியரில் நடந்திருக்கலாம்.

அடுத்து ஜெர்மன் தாவரவியலாளர் லியோபோல்ட் க்னியின் படங்களை உங்களிடமே வாங்குவதாக இருந்தேன். 1874இல் தொடங்கி 1911 வரை வெளிவந்தவை. நுண்ணோக்கியில் தெரியும் செல்களையும் திசுக்களையும் வகுப்பு முழுவதும் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக வரைந்தவை. ஒரு செல் சுவர் கலைந்தாலும் அந்தப் படத்தால் பயனில்லை. இப்போது உங்களை நம்பி எப்படி ஆர்டர் போடுவது?

எனக்கு வேண்டியது இதுதான். நல்ல ஸ்கேனிலிருந்து, ஃபில்டர் போடாமல், ஓரம் வெட்டாமல் வேறு படம் அச்சிட்டு அனுப்புங்கள், அனுப்பும் முன் ஃபைலை எனக்குக் காட்டுங்கள். முடியாது என்றால் 4,850 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் செலவிலேயே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அசல் படம், எந்த மாற்றமும் இல்லை’ என்று விற்பனைப் பக்கத்தில் இருக்கும் வரியையும் நீக்குங்கள், அதை நம்பித்தான் வாங்கினேன். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், லென்ஸ் வழியாக எடுத்த மூன்று போட்டோக்கள் இணைப்பில் உள்ளன. மூன்றாவதை முதலில் பாருங்கள், மகரந்தத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன்.